கிட்டுச்சாமி வண்டியின் ரூம் லைட்

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது எதுவும் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு அவருடைய அத்தை பேச்சியம்மாள் சொன்னது, அவர் எனக்குச் சொன்னது. பேச்சியம்மாள் இது நடந்த லைன் வீட்டில் மூன்றாம் நம்பரில் குடியிருந்தவர். பாதியைத் தானே பார்த்தவர், மீதியை ஐந்தாம் நம்பர் வசந்தாமணியின் வாயால் கேட்டவர். ஆகவே வசந்தாமணி இப்படி நினைத்தாள், அப்படி நினைத்தாள் என்று கீழே வருவதெல்லாம் வசந்தாமணியே சொன்னதாகச் சொல்லப்பட்டதுதான். இத்தனை வாய் மாறி வந்ததில் எது உதிர்ந்தது, எது ஒட்டிக்கொண்டது என்று என்னால் சொல்ல முடியாது.

திருப்பூரில் தாராபுரம் ரோட்டுக்குப் பின்பக்கம், எதிரும் புதிருமாக ஐந்தும் ஐந்தும் பத்து வீடுகள் இருந்தன. வீடு என்றுதான் பேர், ஒவ்வொன்றும் ஒரே அறை, அந்த அறைக்குள்ளேயே அடுப்பும் பீரோவும் சாமி படமும் படுக்கையும் காயாத துணியும் இருக்க, நடுவில் எல்லோருக்குமாக ஒரு தண்ணீர்த் தொட்டியும், கடைசியில் எல்லோருக்குமாக இரண்டு கக்கூஸும் ஒரு குளியலறையும் இருந்தன. ஐந்தாம் நம்பரில் டூரிஸ்ட் கார் ஓட்டும் கிட்டுச்சாமியும், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அவர் மனைவி வசந்தாமணியும், நர்சிங் படிக்கும் மகள் சிந்துஜாவும் இருந்தார்கள். செக்கிங் என்றால், தைத்து வரும் பனியனை டியூப் லைட்டுக்கு அடியில் விரித்து, ஓட்டை, பிசிறு, எண்ணெய்க் கறை எங்கே இருக்கிறது என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவது. காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை நின்றுகொண்டே பார்ப்பது. அந்த வேலைக்கும் அந்த வீட்டுக்கும் வந்து இருபத்தொரு வருடத்தில் வசந்தாமணி தனியாக இருந்த அறை என்று ஒன்றே ஒன்றுதான். அது பொதுக் குளியலறை, அதிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் வெளியே யாராவது வாளியைத் தட்டுவார்கள்.

ஆடி மாதம் கல்யாணம் இல்லை, வண்டிக்கும் ஓட்டம் இல்லை. அப்படி வண்டி நின்றுகிடந்த ஒரு பகலில், பின்சீட்டில் மூக்குத்தித் திருகைத் தவறவிட்டு அரைமணி நேரம் தேடிய ஒரு அம்மாள், "இதென்னங்க லைட்டு, கர்ப்பக்கிரகத்துல கூட இதைவிட வெளிச்சமா இருக்குமே" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனதை மறக்க முடியாமல், வண்டிக்குள் கூரையில் எரியும் மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி போட்டுக்கொள்ள கிட்டுச்சாமி கிளம்பினார். அந்தக் கூரை விளக்குக்கு அந்தத் தொழிலில் ரூம் லைட் என்று பேர். ஏன் அந்தப் பேர் என்று யாரும் கேட்டதில்லை. கம்பெனியில் கரண்ட் இல்லை என்று மத்தியானமே அனுப்பிவிட்டதால் வசந்தாமணியும் பின்சீட்டில் இருந்தாள், தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு.

எடை மேடைக்கு எதிரே ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை வைத்திருந்த நிஜாம், விளக்கின் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து, பழைய பல்பைப் பிடுங்கி, விரல் நீளத்தில் வெள்ளையாக இருந்த புதியதை அந்த இடத்தில் பொருத்தினார். எரியவில்லை.

"பல்பு போச்சா பாய்?"

"இல்லீங்கண்ணா. எல்இடிக்குப் பிளஸ் மைனஸ் உண்டு. மாத்திப் போட்டுட்டேன்." அதைக் கழற்றி, வலத்தை இடமாகத் திருப்பிப் போட்டார்.

வெள்ளை வெளிச்சம் வந்தது. வசந்தாமணி சாய்ந்திருந்த முதுகுக்குப் பின்னால் சீட்டு இல்லாமல் போய், சாம்பல் பெயிண்ட் அடித்த ஒரு மரக்கதவு இருந்தது, அது அவள் பாரத்துக்கு மெல்லத் திறந்துகொண்டது. உள்ளே பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு அறை, சிவப்பு சிமெண்ட் தரை, சுவரில் இரண்டு தட்டு அலமாரி, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே யாருடையதோ ஒரு தென்னந்தோப்பு, மூலையில் இன்னொரு சின்னக் கதவு. வண்டி வெளியிலிருந்து பார்க்க முன்பு இருந்த அதே நீளம், அதே அகலம்.

நிஜாம் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். "அண்ணா, ரூம் வந்துருச்சுங்க" என்றார், ஹாரன் வேலை செய்கிறது என்று சொல்வதுபோல.

"நான் லைட்டுத்தான பாய் கேட்டேன்?"

"ரூம் லைட்டுன்னு கேட்டீங்க. இத்தனை வருசமா எல்லாத்துக்கும் லைட்டு மட்டுந்தான் வந்துச்சு. உங்களுக்கு ரெண்டும் வந்துருச்சு. கழட்டட்டுங்களா?"

கிட்டுச்சாமி அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார்.

வசந்தாமணி அதற்குள் ஒரு காலை எடுத்து அந்தச் சிவப்புத் தரையில் வைத்திருந்தாள். தரை குளுமையாக இருந்தது. கதவின் உள்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் இருப்பதை அவள் பார்த்தாள். இரண்டாவது காலைத் தூக்கும்போது, "வசந்தா, பாய்க்கு டீ சொல்லிப்போட்டு வா" என்று கிட்டுச்சாமி கூப்பிட்டார். அவள் காலை எடுத்துக்கொண்டு இறங்கி டீ சொல்லப் போனாள். அந்த ஒரு காலின் குளுமை அன்று சாயங்காலம் வரைக்கும் இருந்ததாகச் சொன்னாளாம்.

லைன் வீட்டுக்காரர்கள் அதிசயப்படவில்லை. கிட்டுச்சாமி வண்டியைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து, கூரையில் இருக்கும் சுவிட்சைத் தள்ளிக் காட்டியபோது, பெண்கள் வரிசையாகக் குனிந்து பார்த்தார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி மூலையில் இருந்த சின்னக் கதவைப் பற்றியது.

"ஏனுங்க்கா, அட்டாச்சுடு பாத்ரூமுங்களா?"

"ஆமா போல இருக்குது."

"தண்ணி வருதுங்களா?"

வந்தது. திருப்பூரில் பத்து நாளைக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர் வந்துகொண்டிருந்தபோதும் அந்தக் குழாயில் எப்போதும் வந்தது. வண்டிக்குள் அறை இருப்பதைச் சரியென்று ஏற்றுக்கொண்டவர்கள், குழாயில் தண்ணீர் வந்ததைத்தான் வெகு நாள் நம்பாமல் திறந்து திறந்து பார்த்தார்கள்.

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். ஒற்றை அடுப்பு ஸ்டவ்வைப் பின்சீட்டு வழியாக உள்ளே இறக்கி, பால் கிழக்கே பொங்கியதா மேற்கே பொங்கியதா என்று பார்க்க, வண்டி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று ஒருவர் வெளியே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். லைன் வீட்டு ஓனர் வந்தார். "என்ற காம்பவுண்டுல பத்து வீடு. பதினொண்ணாவது நான் கட்டலியே" என்று அறையைக் காலடியால் அளந்து பார்த்துவிட்டு, தன் சொந்த வீட்டில் நாலு அறை இருந்தும் நாலிலும் யாராவது டிவி பார்த்துக்கொண்டிருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் தனக்குக் கிடைக்குமா என்றும் கேட்டார். வீட்டுக்கு வீடு நம்பர் எழுதிப்போக வந்த கணக்கெடுப்பு ஆள் ஒருவர், இந்த வீடு எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று கேட்க, "நேத்து பழனியில இருந்துச்சுங்க, நாளைக்கு ஈரோட்டுல இருக்கும்" என்று கிட்டுச்சாமி உள்ளதைச் சொல்ல, அவர் பேனாவை எடுத்து 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

சுவிட்சை அணைத்தால் அறை போய்ப் பழையபடி சீட்டு வரும். மறுபடி போட்டால் அறை வரும், உள்ளே மறந்து வைத்த துண்டு மடித்தபடி இருக்கும். துண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஆளுக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்ல முடியாது. ஆகவே ஆள் உள்ளே இருக்கும்போது யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வந்தது. தாழ்ப்பாள் உள்ளே, சுவிட்ச் வெளியே. உள்ளே போகிறவர் வெளியே இருக்கிற ஒன்பது வீட்டையும் நம்பித்தான் தாழ் போட வேண்டும். அந்த நம்பிக்கை அந்த லைன் வீட்டில் அதுவரை யாரும் யார்மீதும் வைத்ததில்லை, ஒரு வாளியைத் தொட்டிமேல் விட்டுப்போகக்கூட யோசிப்பார்கள். ஆனாலும் வைத்தார்கள்.

வண்டி ஓட்டம் இல்லாமல் நிற்கும் நேரமெல்லாம் அறைக்கு ஆள் இருந்தது. ஏழாம் நம்பர் துரைசாமி சாயப்பட்டறையில் டைம் ஆபீஸில் இருப்பவர், பிறர் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் எழுதியே பதினெட்டு வருடம் கழித்தவர். அவர் ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, பெயர், உள், வெளி, காரணம் என்று நாலு கட்டம் பிரித்தார். கல்யாணமாகி இரண்டு மாதமே ஆன ஒன்பதாம் நம்பர் ஜோடி வந்து 'பேச வேண்டியிருக்கிறது' என்று எழுதினார்கள். பேச்சியம்மாள் 'சண்டை' என்று எழுதிவிட்டுத் தனியாக உள்ளே போய், நாலு வருடம் முன்பு செத்துப்போன புருஷனை அரைமணி நேரம் திட்டித் தீர்த்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தார். உள்ளே போட்ட சத்தம் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கேட்கவில்லை. பத்தாம் நம்பர் பையன்கள் 'பரீட்சை' என்று எழுதினார்கள். துரைசாமி தனக்கு 'தூக்கம்' என்று எழுதினார், வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது, தூங்கி எழுந்த சிவப்பு மாதிரி இல்லை. அதற்குப் பிறகு பலரும் 'தூக்கம்' என்றே எழுதினார்கள். அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் கேட்கவில்லை.

வசந்தாமணியும் பேர் கொடுத்தாள்.

"காரணம் என்னங்க்கா போடட்டும்?" என்றார் துரைசாமி.

அவள் யோசித்தாள். அவளுக்கு அழுகை இல்லை, திட்ட ஆள் இல்லை, படிக்க எதுவும் இல்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, காலை நீட்டி, யாரும் பார்க்காமல், யாரும் கூப்பிடாமல் கிடக்க வேண்டும். அதற்கு என்ன பேர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சும்மாதானுங்க."

"சும்மான்னு எப்படிங்க்கா காரணம் போடறது? கட்டத்துல ஏதாச்சும் வரணுமுங்களே."

"அப்ப விட்டுப்போடுங்க, அப்பறம் சொல்றேன்."

கட்டம் காலியாகவே இருந்தது. காரணம் இருப்பவர்கள் வந்து வந்து அவள் பேருக்கு மேலே ஏறினார்கள். துரைசாமி வஞ்சகம் பண்ணவில்லை, அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. விருந்து என்று இலை போட்டால் வந்தவர்கள் முதல் பந்தி, பந்தி போட்ட வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தி. இது யாரும் எழுதி வைக்காமலே எல்லோருக்கும் தெரிந்தது.

"உங்க வண்டிங்க்கா. நீங்க எப்ப வேணாலும் போலாம்" என்பார். கிட்டுச்சாமியும் அதையேதான் சொன்னார். "நம்ம வண்டி எங்க போயிரப்போகுது? வந்தவிய இருந்துட்டுப் போகட்டும்." அவருக்கு அதில் பெருமை இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் பத்துப் பேர் வந்து கேட்கும்படி ஒன்று இருந்தது. அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

ஆடி போய், ஆவணி போய், புரட்டாசி போனது. எப்ப வேணாலும் என்ற நாள் வரவில்லை. வசந்தாமணி கம்பெனிக்குப் போகும்போதும் வரும்போதும், உள்ளே ஆள் இருக்க வெள்ளையாக எரியும் காரைப் பார்த்தபடி தொட்டியைக் கடந்து போனாள்.

ஐப்பசி கடைசி வியாழக்கிழமை வண்டிக்கு எஃப்.சி. இருந்தது. வாடகை வண்டியை வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, ஓடத் தகுதியானதுதான் என்று வாங்குகிற சான்று அது. அது இல்லாமல் கார்த்திகையில் சபரிமலை ஓட்டம் ஓட முடியாது, சபரிமலை ஓட்டம் இல்லாவிட்டால் அந்த வருடமே இல்லை. எஃப்.சி. வேலைக்கு நடக்கும் ஏஜெண்ட் ஒருவர் வந்து அறையைப் பார்த்துவிட்டு, காது மடலைச் சொறிந்தபடி சொன்னார்.

"ஆர்.சி. புத்தகத்துல டிரைவரோட சேத்து அஞ்சு சீட்டு. ரூமுன்னு எங்கயும் இல்லீங். ஏன் இருக்குதுன்னு கேட்டா என்னத்தச் சொல்றது? புதன்கெழமையே அந்தப் பல்பக் கழட்டிப்போட்டுப் பழைய மஞ்சப் பல்பப் போட்டு எடுத்துட்டு வாங்க."

"முடிஞ்சதும் திரும்ப இதையே போட்டுக்கலாமில்ல?" என்று கிட்டுச்சாமி நிஜாமிடம் கேட்டார்.

"பல்ப மாட்டலாமுங்கண்ணா" என்றார் நிஜாம். "லைட்டுக்கு நான் பொறுப்பு. ரூமுக்கு நான் எப்படிப் பொறுப்பு சொல்றது? அது தானா வந்தது."

செய்தி பரவியதும் நோட்டு நிறைந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் பதினான்கு பேர் உள்ளே போய் வந்தார்கள், ஆளுக்கு முப்பது நிமிடம் என்று துரைசாமி சைக்கிள் பெல் வைத்து அடித்தார். புதன்கிழமைக்கும் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். ஒன்பதுக்கும் கீழே வசந்தாமணியின் பேர், காலிக் கட்டத்தோடு.

புதன்கிழமை காலை அவள் கம்பெனிக்குக் கிளம்பவில்லை. தொட்டியடிக்கு வந்தாள்.

"எனக்கு எப்பங்க?"

"கடைசில போட்டிருக்கறனுங்க்கா. வீட்டுக்காரங்க கடைசிப் பந்திதானுங்களே."

"மத்தியானம் பல்பக் கழட்டறாங்க. பந்தியே எடுத்துப்போடறாங்களே."

துரைசாமி நோட்டைப் பார்த்தார். அவர் பதினெட்டு வருடமாக நேரம் எழுதுகிறவர், கூட்டிப் பார்க்க அவருக்குத் தெரியும். வசந்தாமணி வீட்டுக்குள் போய், ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு வந்து, முப்பது நிமிடம் முடிந்து வெளியே வந்த ஆளுக்கு ஒதுங்கி வழி விட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ் விழுந்த சத்தம் மட்டும் வெளியே கேட்டது. மணி ஒன்பது பத்து. துரைசாமி பழக்கத்தில் எழுதிவிட்டார்.

முப்பது நிமிடம் கழித்துப் பெல் அடித்தார். கதவு திறக்கவில்லை. மத்தியானம் கிட்டுச்சாமி பழைய மஞ்சள் பல்பைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, விஷயம் தெரிந்து, பின்கதவு வழியாகக் குனிந்து அந்தச் சாம்பல் கதவைத் தட்டினார்.

"வசந்தா. நாளைக்கு எஃப்.சி."

மறுபடி தட்டினார்.

"வண்டிச் சாவி எங்க?"

கதவு நாலு விரல்கடை திறந்தது. "எங்கிட்டத்தான் இருக்குதுங்க. நான் உள்ள இருக்கறேன். பல்பக் கழட்டறதுன்னாக் கழட்டிக்கோங்க" என்றாள். கோபம் எதுவும் இல்லாமல் சொன்னாள் என்று பேச்சியம்மாள் சாட்சி. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

கிட்டுச்சாமி முன்சீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தார். விரலால் தொடும் தூரத்தில் சுவிட்ச். சாவியே வேண்டாம், வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போய்விடலாம், சுவிட்சை ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். வெளியே நின்றவர்களில் ஒருவர், "துண்டுக்கு ஒண்ணும் ஆகலியேங்ணா" என்றார்.

"துண்டுக்கும் பொண்டாட்டிக்கும் வித்தியாசம் தெரியாத நாயிக்கு எவன்லே பொண்ணு குடுத்தான்?" என்றார் பேச்சியம்மாள்.

கிட்டுச்சாமி கையைத் தூக்கினார், கொஞ்ச நேரம் தூக்கியபடியே இருந்தார், பிறகு அந்தக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி, பின்கதவை மெதுவாகச் சாத்தினார். வியாழக்கிழமை போயிற்று. எஃப்.சி. தேதி தவறிற்று. கார்த்திகை பிறந்து, ஊரெல்லாம் மாலை போட்டவர்கள் நடமாட, அவருடைய வண்டி தொட்டிப் பக்கம் நின்றது. அவர் மற்றவர்கள் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போக ஆரம்பித்தார். தன் வண்டியில் பம்பைக்குப் போகிறவர் அடுத்தவன் வண்டியில் பம்பைக்குப் போய் வந்தார்.

உள்ளே, முதல் நாள் முழுக்க வசந்தாமணியால் படுக்க முடியவில்லை. படுத்ததும் யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து உட்கார்ந்தாள். கதவுக்கு வெளியே யாரும் கூப்பிடவில்லை என்று தெரிந்தும் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் தரையில் பிசிறும் கறையும் தேடிக் கண் தானாக ஓடியது, தரையில் ஒரு குறையும் இல்லை, அது அவளுக்கு வேலை போனதுபோல இருந்தது. மூன்றாம் நாள் மூன்று முறை குளித்தாள், யாரும் வாளியைத் தட்டவில்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ஜன்னலுக்கு வெளியே தென்னை மட்டை ஒன்று கீழே விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தான் வெகு நேரமாக எதையும் நினைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

சிந்துஜா காலையும் சாயங்காலமும் தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டு வந்து தட்டுவாள். கதவு திறக்கும், கை வரும், தூக்குப்போசி போகும்.

"உள்ள என்னம்மா பண்றே?"

"ஒண்ணும் பண்றதில்ல கண்ணு."

"எப்ப வருவே?"

"தெரியலியே. இன்னும் முடியல."

"என்ன முடியல?"

"அதான், ஒண்ணும் பண்ணாம இருக்கறது."

சிந்துஜா இதை வந்து சொன்னபோது கிட்டுச்சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சோறு சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

லைன் வீட்டுக்காரர்களுக்கு முதலில் ஆத்திரம் இருந்தது. ஆளுக்கு முப்பது நிமிடம் என்று இருக்க, ஒரு ஆள் நாள் கணக்கில் இருந்தால் என்ன நியாயம் என்று நோட்டைக் காட்டிப் பேசினார்கள். பத்து நாள் தாண்டியதும் ஆத்திரத்துக்கு அலுத்துப்போய், அறை இல்லாமல் இருக்கப் பழகினார்கள், ஆனால் முன்பு அறை இல்லாமல் இருந்ததுபோல இல்லை. அந்த லைன் வீட்டில் கதவு என்றால் திறந்தே கிடப்பது, யாரும் யார் வீட்டுக்குள்ளும் பேசிக்கொண்டே நுழைவது. இப்போது சாத்தியிருக்கிற கதவைப் பார்த்தால் நின்று, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பதில் வராவிட்டால் அப்புறம் வருகிறேன் என்று திரும்பிப் போனார்கள். ஒன்பதாம் நம்பர் ஜோடி பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டது, யாரும் கேலி பேசவில்லை. குளியலறையில் யார் எவ்வளவு நேரம் இருந்தாலும் வாளியைத் தட்டக்கூடாது என்று பேச்சியம்மாள் அறிவித்தார், அறிவித்துவிட்டு முதலில் அவரே முக்கால் மணி நேரம் இருந்தார்.

வெள்ளை வெளிச்சம் பகலும் இரவும் மங்காமல் எரிந்தது.

பதினேழு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை பகல் பன்னிரண்டு இருபதுக்குத் தாழ்ப்பாள் விலகிற்று. வசந்தாமணி தலையணையோடு பின்கதவு வழியாக இறங்கி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். அன்று வேலை இல்லாமல் கிட்டுச்சாமி தொட்டித் திண்டில் உட்கார்ந்திருந்தார், எழுந்தார். பதினேழு நாள் சொல்ல வைத்திருந்தது ஏதோ இருந்திருக்க வேண்டும்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுதுங்க."

அவள் சாவியை நீட்டினாள். நீட்டும்போது அவர் சட்டையைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, வயிற்றுக்கு நேரே, அணைத்துப் பிடித்து எதையோ தூக்கினால் படுகிற இடத்தில், குண்டூசி முனை அளவுக்கு இருபது முப்பது ஓட்டைகள். பூச்சி அரித்த ஓட்டை எப்படி இருக்கும், பீடி பட்ட ஓட்டை எப்படி இருக்கும், பேட்டரி ஆசிட் தெறித்த ஓட்டை எப்படி இருக்கும் என்று இருபத்தொரு வருடம் பார்த்தவள் அவள். "சட்டையக் கழட்டிக் குடுங்க, வேற போட்டுக்கோங்க" என்றாள்.

துரைசாமி நோட்டோடு வந்தார். வெளி என்ற கட்டத்தில் நேரத்தை எழுதினார். காரணம் என்ற கட்டம் இன்னும் காலியாக இருந்தது. அவளிடம் கேட்காமல், தானே, கட்டம் கொள்ளும் அளவுக்குப் பெரிய எழுத்தில் 'சும்மா' என்று எழுதினார்.

அன்று சாயங்காலமே கிட்டுச்சாமி மஞ்சள் பல்பைப் போட்டு, அடுத்த வாரம் எஃப்.சி. முடித்து, மிச்சமிருந்த சபரிமலை ஓட்டத்தைப் பிடித்தார். பிறகு எல்இடியை மறுபடி மாட்டிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் போட்டால் எரியவில்லை, திருப்பிப் போட்டால் எரிந்தது, சீட்டு சீட்டாகவே இருந்தது. யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பதினேழு நாளும் வண்டியைத் தொடவே இல்லை என்று கிட்டுச்சாமி இன்றைக்கும் சொல்கிறாராம். சாவி அவளிடம் இருந்தது, தான் என்ன செய்ய முடியும் என்கிறாராம். வசந்தாமணி அதை மறுத்துப் பேசுவதில்லையாம்.

இதை எழுதும் முன் ஒன்றை மட்டும் நான் விசாரித்துப் பார்த்தேன். அந்த மாதிரி எல்இடி பல்பு ஒன்றரை வாட் இழுக்கும். அந்த அளவு காருக்குப் போடுவது பன்னிரண்டு வோல்ட், முப்பத்தைந்து ஆம்பியர் பேட்டரி. புத்தம் புதிதாக, முழுக்க சார்ஜ் ஏறி இருந்தாலும், என்ஜின் ஓடாமல் நிற்கிற வண்டியில் அந்த விளக்கு இருநூற்று எண்பது மணி நேரம் எரியும் என்று பேட்டரிக் கடைக்காரர் சொன்னார். வீட்டுக்கு வந்து நானும் இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினோரு நாள், பதினாறு மணி நேரம்.